இலை நுனியில் குட்டி விடும் செடி: வாசகர் கேள்வி – பதில்

பாம்பனிலிருந்து சாயல்குடி வரை, ராமநாதபுரம் கடலோர வாசகர்கள் பலர் ஒரே செடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அதை வளர்க்கக் கேட்கிறார், இன்னொருவர் ஒழிக்கக் கேட்கிறார். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் இந்த முறை தோட்டப் பகுதி முழுவதும் அந்தச் செடிக்கே.

*

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் கடல் கல்லால் கட்டிய பழைய மதில் இருக்கிறது. அதன் மேல் ஒரு செடி முளைத்தது. இலை தட்டையாக இல்லை, பென்சில் மாதிரி உருண்டு நீண்டிருக்கிறது. சாம்பல் கலந்த பச்சை, அதில் கருஞ்சிவப்புத் திட்டுகள். ஒவ்வொரு இலையின் நுனியிலும் பொடிப் பொடியாகக் குட்டிச் செடிகள். ஐப்பசி மழைக்குப் பிறகு மதில் முழுக்க அதுவே நிற்கிறது. கள்ளி வகையா? பெயர் என்ன?
– வாசகி, பாம்பன்

பதில்: கள்ளி இல்லை. நீங்கள் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் கலஞ்சோ டெலகோயென்சிஸ் என்ற செடிக்குப் பொருந்துகின்றன. பிரயோஃபில்லம் டெலகோயென்ஸ், கலஞ்சோ டியூபிஃப்ளோரா என்றும் புத்தகங்களில் இருக்கும். மூன்றும் ஒரே செடிதான். நர்சரிகளில் 'மதர் ஆஃப் மில்லியன்ஸ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. அழகுச் செடியாக உலகம் முழுக்கப் போய், பல நாடுகளில் தொட்டியிலிருந்து வெளியே இறங்கிவிட்டது.

உறுதிப்படுத்திக்கொள்ள இலையைப் பாருங்கள். நீளம் 2 முதல் 15 செ.மீ., தடிப்பு சில மில்லிமீட்டர்தான். மேல்பக்கம் மெல்லிய பள்ளம் ஓடும். நுனியில் மட்டும் சில பற்கள் இருக்கும். அந்தப் பற்களின் இடுக்கில்தான் குட்டிகள் உட்கார்ந்திருக்கும். தண்டு கிளைக்காமல் நேராக முழங்கால், இடுப்பு உயரம் போகும். மார்கழி, தையில் உச்சியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு மணிப் பூக்கள் கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும். பூத்து முடிந்த தண்டு காய்ந்து விழும். செடி செத்துவிட்டது என்று அப்போது நிம்மதி அடைய வேண்டாம். அதற்குள் அடியில் நூற்றுக்கணக்கான குட்டிகள் வேர் விட்டிருக்கும். தூள் போன்ற விதைகளும் மண்ணில் விழுந்திருக்கும்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு செடிகள் நம் ஊர்களில் உண்டு. மூன்றையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: குட்டி இலையில் எங்கே, எப்போது வருகிறது? நுனியில் மட்டும் வந்தால் டெலகோயென்சிஸ். இலை ஒரு சாண் நீளத்தில் அகலமான முக்கோணமாக இருந்து, இரு ஓரங்களிலும் வரிசையாகக் குட்டி கோத்திருந்தால் அது கலஞ்சோ டைக்ரிமோன்டியானா, கடைக்காரர் சொல்லும் 'மதர் ஆஃப் தௌசண்ட்ஸ்'. இவை இரண்டும் இலை செடியில் இருக்கும்போதே குட்டி விடும். மூன்றாவது நமக்குப் பழக்கமான ரணகள்ளி, பாடப் புத்தகத்தில் வரும் பிரயோஃபில்லம். அதன் இலை பொதுவாகச் செடியில் இருக்கும்வரை சும்மா இருக்கும். பறித்துப் போட்டாலோ கட்டித் தொங்கவிட்டாலோதான் ஓரத்துப் பள்ளங்களிலிருந்து முளை கிளம்பும். 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்று நம் ஊரில் சொல்வது அதைத்தான். ரணகள்ளியின் பூவும் வேறு: காகிதப் பை ஊதியது போல் பச்சைப் புல்லிவட்டம் பெரிதாக இருக்கும்.

மதில் மேல் ஏன் இவ்வளவு செழிப்பு என்றால், கடல் கல்லின் துளைகளில் கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் ஈரமும் எப்போதும் தங்கும். குட்டிக்கு அதுவே போதும். தரையில் விழுவதற்கு முன்பே அதற்கு இரண்டு இலையும் வேர் நுனியும் தயாராக இருக்கின்றன. விதை முளைத்து வேர் தேடும் செடிகளைவிட அது பல நாள் முன்னே நிற்கிறது.

*

கேள்வி: எங்களிடம் இருக்கும் செடியின் இலை உருளையும் இல்லை, அகல முக்கோணமும் இல்லை. வள்ளத்தைப் போல் நடுவில் மடிந்து குறுகலாக இருக்கிறது. ஓரம் முழுக்கக் குட்டி. இது எந்தப் பெயரில் சேரும்?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: முதல் பதிலில் சொன்ன டெலகோயென்சிஸும் டைக்ரிமோன்டியானாவும் கலந்த கலப்பினம் இது. 1930-களில் அமெரிக்காவில் ஹாட்டன் என்பவர் இரண்டையும் இனக்கலப்பு செய்து உருவாக்கியது. கலஞ்சோ ஹாட்டோனியை என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. 'மதர் ஆஃப் தௌசண்ட்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வருவதில் பல உண்மையில் இதுதான். தாய் தகப்பன் இரண்டைவிடவும் வேகமாகப் பரவும் குணம் இதற்கு உண்டு. வளர்ப்பு முறை, கட்டுப்படுத்தும் முறை, நச்சு எல்லாமே ஒன்றுதான் என்பதால் கீழே வரும் பதில்கள் உங்களுக்கும் பொருந்தும்.

*

கேள்வி: மாடியில் தொட்டியில் வளர்க்க ஆசை. இரண்டு முறை வாங்கி வைத்தேன். முதல் செடி அடித்தண்டு கறுத்து அழுகிவிட்டது. இரண்டாவது நெட்டையாகப் போய் ஒடிந்து விழுந்தது. மண் கலவை முதல் எல்லாம் விவரமாகச் சொல்லுங்கள்.
– வாசகி, கீழக்கரை

பதில்: அழுகியதற்கு ஈரம் காரணம், நெட்டையாகப் போனதற்கு வெளிச்சக் குறைவு காரணம். இந்த இரண்டையும் சரிசெய்தால் இதைவிடச் சுலபமான செடி கிடையாது.

தொட்டி 15 முதல் 20 செ.மீ. வாய் அகலம் போதும். மண் தொட்டியே நல்லது. பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். பழைய பெயிண்ட் வாளி என்றால் அடியில் விரல் நுழையும் அளவில் நான்கைந்து துளை போடுங்கள். ஒரே துளை இருந்தால் வேர் அதை அடைத்துவிடும். கலவைக்கு, பருமனான ஆற்று மணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுச் சல்லி 1 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. தென்னை நார்க் கழிவு சேர்க்க வேண்டாம். காய்கறித் தொட்டிக்கு அது நல்லது, இங்கே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அடித்தண்டை அழுக வைக்கும். வாசலுக்கு எதிரிலேயே கிடைக்கிறதே என்று கடற்கரை மணலையும் எடுக்காதீர்கள். அதில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும், துகளும் மிகப் பொடி. நனைந்தால் இறுகிப் போகும். மேலே அழகுக்குப் பவளப்பாறைத் துண்டுகளைப் பரப்பும் பழக்கம் கடலோர வீடுகளில் இருக்கிறது. பவளப்பாறைகள் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஓட்டுச் சல்லியைப் பரப்புங்கள், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

குட்டியிலிருந்து தொடங்குவதே மேல். இலை நுனியில் சிறு வேர் தெரியும் குட்டிகளாகப் பார்த்து விரலால் தட்டினால் உதிரும். ஈரப்படுத்திய கலவையின் மேல் இரண்டு அங்குல இடைவெளியில் அப்படியே வைத்துவிடுங்கள். புதைக்கக் கூடாது, புதைத்தால் நடுக்குருத்து அழுகும். ஒருநாள் விட்டு ஒருநாள் தெளிப்பானால் லேசாக நனைத்து வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். விரல் நீளம் வந்ததும் தொட்டிக்கு ஒன்று, அதிகம் போனால் மூன்று நிறுத்திவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டு வைத்தால் ஒன்றும் தடிக்காது.

நட்ட பிறகு தண்ணீர் விஷயத்தில் ஒரே விதி: இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே வெளியேறும்வரை ஊற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு முறை வரலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை வலுக்கும்போது தொட்டியைச் சாரல் படாத, வெளிச்சம் உள்ள திண்ணைக்கு மாற்றிவிட்டு, ஊற்றுவதையே நிறுத்தலாம். உங்கள் முதல் செடி அழுகியது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நடந்திருக்கும். தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிடுங்கள்.

வெயில் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேண்டும். காலை வெயில் மிக நல்லது. நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குக் கொண்டுபோனால் இலையில் வெந்த தழும்பு விழும். பத்து நாளில் படிப்படியாக நகர்த்துங்கள். நெட்டையாகப் போனதை நிமிர்த்த முடியாது. உச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் காய மூன்று நாள் நிழலில் வைத்து, மறுபடி நட்டுக்கொள்ளலாம். உரம் என்று தனியாக எதுவும் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். கீழக்கரை மாடியில் ஆனி, ஆடியில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காய்ந்த இலை போல் குட்டிகளை அது உதிர்த்துக்கொண்டு போகும். தொட்டியைக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்காதீர்கள், தொங்கவும் விடாதீர்கள். அடியும் பக்கமும் அடைத்த பழைய பிளாஸ்டிக் பெட்டிக்குள் தொட்டியை இறக்கி, சுவரோரம் தரையில் வையுங்கள். மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் கொசுவலைக் கம்பியைக் கட்டுங்கள். வாரம் ஒரு முறை பெட்டிக்குள் விழுந்ததைத் திரட்டி, கொதிக்கும் நீரில் போட்டுக் கொன்றுவிடுங்கள். மொட்டுத் தண்டு கிளம்பியதும் ஒடித்துவிட்டால் விதைத் தொல்லையும் இல்லை. இந்த வேலைகளைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் இந்தச் செடியை வாங்காமல் இருப்பதே நல்லது. இதை எங்கள் திடமான கருத்தாகவே சொல்கிறோம்.

*

கேள்வி: மண் கலவை, வெயில் எல்லாம் சரி. ஆனாலும் இலை நுனி கருகி, குட்டிகள் வெளிறி உதிர்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர்தான் ஊற்றுகிறோம்.
– வாசகர், ஏர்வாடி

பதில்: கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. நீரில் உள்ள உப்பு, தொட்டியில் வெளியேற வழியின்றி ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகிறது. தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூப்பு படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே இல்லை. தொட்டி கொள்ளும் அளவைப் போல் மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி உப்பை அலசி வெளியேற்றுங்கள். பிறகு மண் முழுதும் காயும்வரை நீர் வேண்டாம். மழைநீரைப் பிடித்து வைத்தால் இந்தச் செடிக்கு ஆண்டு முழுக்கப் போதும், தேவை அவ்வளவு குறைவு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் உப்பில்லாதது. வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை மட்டும் எந்தத் தொட்டிக்கும் ஊற்றாதீர்கள். கிணற்று நீரில் இருந்த உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கும்.

*

கேள்வி: இலைக் கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது.
– வாசகி, தொண்டி

பதில்: மாவுப்பூச்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், வாரம் ஒன்றாக மூன்று முறை. வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டருக்கு 3 மி.லி.க்கு மேல் போகாமல், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை வெந்துவிடும். தொட்டிக்குள் எறும்பு வரிசை இருந்தால் அதையும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும்.

*

கேள்வி: மல்லிகைப் பாத்தி ஓரத்தில் இரண்டு செடி இருந்தது. இப்போது அரைச் சென்ட் அளவுக்குப் பரவிவிட்டது. வேரோடு பிடுங்கினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வருகிறது. கடல் தண்ணீரை ஊற்றினால் செத்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கடல் நீரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். உங்கள் தீவில் மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. ஊற்றிய உப்பு அடுத்த மழையில் நேராக அதில்தான் இறங்கும். சாறு சேமித்து வைத்திருக்கும் இந்தச் செடி சில வாரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு முன்பே மல்லிகை கருகிவிடும்.

பிடுங்கியும் வருவதற்குக் காரணம், பிடுங்கும் அதிர்ச்சியிலேயே குட்டிகள் கொட்டிவிடுவதுதான். பெரிய செடி கையோடு வருகிறது, அதன் வாரிசுகள் அத்தனையும் மணலில் தங்குகின்றன. எனவே முறையை மாற்றுங்கள். ஐப்பசியில் முதல் மழை பெய்து மணல் இளகியதும், மார்கழிப் பூவுக்கு முன்பாக வேலையை முடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். நடுவில் தொடங்கினால் மிதிபட்ட குட்டிகள் செருப்போடு வெளியே போகும். ஒவ்வொரு செடிக்கும் தலைவழியாக ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, அடியில் இறுக்கிப் பிடித்து, பையோடு சேர்த்து வேரை இழுங்கள். செடி தலைகீழாகப் பைக்குள் போய்விடும், ஒரு குட்டியும் சிதறாது.

அதன்பின் தரை வேலை. மேல் மணலை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டித் தார்ப்பாயில் குவித்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, சன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியில் சலியுங்கள். காய்ந்த கடலோர மணல் அதன் வழியே இறங்கிவிடும், குட்டியும் இலைத் துண்டும் மேலே நிற்கும். களிமண் ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. விதை மட்டும் இதிலும் தப்பிவிடும். மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கக் கூடியது. அதனால்தான் பூவுக்கு முன்பே முடிக்கச் சொல்கிறோம். முதல் முறைக்குப் பிறகு மாதம் ஒரு தடவை அந்த இடத்தைச் சுற்றி வந்து, முளைத்ததை எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு மழைக்காலம் இப்படிக் கவனித்தால்தான் இடம் நம் கைக்கு வரும்.

எடுத்த செடியை என்ன செய்வது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். வேலிக்கு வெளியே, ஊருணிக் கரையில், மணல் மேட்டில் வீசினால் அங்கே புதுத் தோட்டம் உண்டாகும். உரக்குழியும் ஆகாது, அது மக்குவதற்குப் பதிலாக முளைக்கும். மண்ணே இல்லாமல் வாரக்கணக்கில் உயிர் வாழும் உடம்பு அது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மொட்டைமாடி வெயிலில் 6 முதல் 8 வாரம் போட்டு வையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது எல்லாம் கூழாகியிருந்தால் குழியில் புதைக்கலாம். ஒரு இலை விறைப்பாக இருந்தாலும் மறுபடி கட்டி வையுங்கள். சிறு அளவு என்றால் கொதிநீர் போதும். ஆஸ்திரேலியாவில் இதற்குத் தீ வைப்பதுண்டு. பனையோலைக் கூரையும் ஓலை வேலியும் காற்றும் உள்ள நம் கரையில் அது வேண்டாம். களைக்கொல்லியையும் தவிர்த்துவிடுங்கள், இலையின் மெழுகுப் பூச்சில் வழிந்தோடி மல்லிகை வேருக்குத்தான் போய்ச் சேரும்.

உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. தங்கச்சிமடத்துப் பதியன்கள்தான் மதுரைப் பக்கம் வரை மல்லிகைத் தோட்டங்களுக்குப் போகின்றன. நாற்றுக் கட்டோடு ஒட்டிய மணலில் ஒரு குட்டி போனாலும் போதும். இந்தச் செடி இருக்கும் பாத்தியிலிருந்து எடுக்கும் பதியன்களை வேர் மணலை உதறி, நீரில் ஒரு முறை அலசிய பிறகே கட்டுங்கள். அலசிய நீரை அந்தப் பாத்தியிலேயே ஊற்றிவிடுங்கள்.

*

கேள்வி: கோடையில் எங்கும் பச்சையில்லை, இந்தச் செடி மட்டும் பச்சையாக நிற்கிறது. ஆடுகள் மேய்ந்தால் ஆபத்தா?
– வாசகர், சாயல்குடி

பதில்: ஆபத்துதான். இந்தச் செடியில் பூஃபாடையனோலைடு என்ற நச்சு இருக்கிறது. அது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். எல்லாப் பாகத்திலும் நச்சு உண்டு, பூவில் இலையைப் போல் ஐந்து மடங்கு. 1997-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மோரீ என்ற ஊருக்கு அருகே, ஓட்டிச் சென்ற மந்தையில் 125 மாடுகள் இதைத் தின்று செத்தன.

வேறு தீனி இருந்தால் ஆடுமாடுகள் இதைப் பெரும்பாலும் ஒதுக்கும். பசியோடு வந்தவையும், வேறு ஊரிலிருந்து புதிதாக வாங்கி வந்தவையும்தான் வாய் வைக்கும். அதனால் சந்தையில் வாங்கிய ஆடுகளை முதலில் வீட்டில் தீனி கொடுத்துப் பசியாற்றிய பின்பே மேய்ச்சலுக்கு விடுங்கள். பூக்கும் மாதங்களில் செடி உள்ள பக்கம் ஓட்டவே வேண்டாம்.

தின்ற ஆடு சோர்ந்து நிற்கும், தீனி எடுக்காது, எச்சில் வடிக்கும், கழிச்சல் போகும், மூச்சு வாங்கும். இதயம் கெட்டிருக்கும்போது விரட்டினால் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே நடத்தி அழைத்துப் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே நிழல் செய்து, அமைதியாக நிறுத்தி, கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்; 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். தின்ற செடியில் ஒரு கொப்பைக் காட்டுங்கள். சீக்கிரம் வந்தால், நச்சை உறிஞ்சும் கரித்தூள் மருந்தைக் கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. எண்ணெய் ஊற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது போன்ற கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காதீர்கள்.

*

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்கு ரணகள்ளி இலை தின்பார்கள். அது கிடைக்காததால் இந்தக் குட்டி போடும் செடியின் இலையைத் தின்னலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: கூடாது. மேலே ஆடுகளுக்குச் சொன்ன நச்சு மனிதர் இதயத்தையும் அதே விதமாகத் தாக்கும். ரணகள்ளியிலும் அந்த வகைப் பொருள்கள் உண்டு என்பதால் அதையும் மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து தின்ன வேண்டாம். இதயத்துக்கு டிஜாக்சின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் தொடவே கூடாது; மாத்திரையும் இந்த நச்சும் ஒரே திசையில் வேலை செய்பவை. கைக்குழந்தை தவழும் வீட்டில் தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள்.

*

கேள்வி: ஒரு காலத்தில் சப்பாத்திக்கள்ளியைப் பூச்சி விட்டு அழித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படி இதற்கும் செய்ய முடியாதா?
– வாசகர், ராமேசுவரம்

பதில்: பெரியவர்கள் சொன்னது உண்மை. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து தென்னிந்திய மேய்ச்சல் நிலங்களை அடைத்துக்கொண்டிருந்தது. 1926-ல் டாக்டிலோபியஸ் ஓபன்ஷியே என்ற செதில் பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. சில ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் சரிந்தன. உங்கள் பக்கத்தில் மிச்சம் நிற்கும் சப்பாத்திக்கள்ளியின் மடலில் அந்த வெள்ளைப் பூச்சியை நசுக்கிப் பார்த்தால் விரலில் அடர் சிவப்புச் சாயம் ஒட்டும்.

அந்தப் பூச்சி சப்பாத்திக்கள்ளி வகைகளைத் தவிர வேறெதையும் தொடாது. கலஞ்சோவுக்கு மடகாஸ்கரின் மூக்கு வண்டுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இந்தியாவில் இதே குடும்பத்துச் சொந்தச் செடிகளும் உண்டு. புதிதாக வரும் வண்டு அவற்றையும் தின்னுமா என்று பார்க்காமல் விட முடியாது. வெளிநாட்டுப் பூச்சியை இறக்குமதி செய்ய 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். நம் கரையில் இன்னும் மதில், கொல்லை, கோயில் சுவர் என்ற அளவில்தான் செடி நிற்கிறது. சீமைக்கருவேலம் போல் கைமீறிப் போகாத இந்த நிலையில் பைக்குள் பிடுங்கும் முறையே போதும்.

*

கேள்வி: தண்ணீரே ஊற்றாமல் எப்படி வாழ்கிறது? இரவில் ஆக்சிஜன் தரும் என்று படுக்கையறையில் வைக்கச் சொல்கிறார்களே, சரியா?
– மாணவி, பெரியபட்டினம்

பதில்: மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும், அப்போது நீரும் ஆவியாகிப் போகும். இந்தச் செடி பகலில் துளைகளை மூடிவைத்து, வெக்கை தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் அதைப் பிரித்து உணவு தயாரிக்கிறது. இதனால் விடியற்காலையில் இலையில் புளிப்பு ஏறியும் மாலையில் இறங்கியும் இருக்கும்.

இதை ரணகள்ளியில் முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம் கரையோடு தொடர்புள்ளவர். தரங்கம்பாடிக்கு மதபோதகராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், காலையில் புளிப்பு, நண்பகலில் சுவையின்மை, மாலையில் லேசான கசப்பு என்று கவனித்து எழுதியது 1815-ல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அச்சானது. நச்சு பற்றி மேலே படித்திருப்பாய். அதனால் நீ சுவைத்துப் பார்க்க வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் காலை ஆறு மணிக்குப் பறித்த இலை ஒன்று, மாலை ஆறு மணிக்குப் பறித்தது ஒன்று, இரண்டையும் தனித்தனியே நசுக்கி பி.எச். தாளில் தொட்டால் நிற வித்தியாசம் தெரியும்.

இரவில் இது ஆக்சிஜன் தருவதில்லை. ஆக்சிஜன் வருவதற்கு வெளிச்சம் தேவை. இரவில் இந்தச் செடி செய்வது கரியமில வாயுவைச் சேமிப்பது மட்டுமே, அதுவும் ஒரு தொட்டிச் செடியின் அளவில் அறைக் காற்றை மாற்றாது. படுக்கையறை வெளிச்சத்தில் செடியும் நெட்டையாகத்தான் போகும்.

*

கேள்வி: உப்பளத்து ஓரச் சேற்றில் சதைப்பற்றான கொடி ஒன்று தரையோடு பரவுகிறது. தண்டு சிவப்பு, சின்ன ஊதாரோசாப் பூ. இதுவும் அந்த வகையா? பிடுங்கிவிடலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: பிடுங்க வேண்டாம். அது செசுவியம், நம் கடலோரத்தில் இயல்பாக வளரும் செடி. கடலோரத்தில் ஓர்ப்பூடு என்றும் சொல்வார்கள். இலை எதிரெதிராக, நீள்வட்டமாக, நுனியில் குட்டியே இல்லாமல் இருக்கும். கணு தரையைத் தொடும் இடமெல்லாம் வேர் விடும். காரங்காடு அலையாத்திக் காட்டு ஓரத்திலும் உமரியோடு சேர்ந்து இதைப் பார்க்கலாம். வேகமாகப் பரவுவது இங்கே நல்லது. சேற்றையும் மணலையும் கட்டிப் பிடித்து, மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சித் தன் இலையில் வைத்துக்கொள்கிறது.

கலஞ்சோவை எடுத்த வெற்றிடத்தில் எதை நடுவது என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வோம். மூன்று நான்கு கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஓர் அடிக்கு ஒன்றாக நடுங்கள். கார்த்திகையில் நட்டால் மழையே வேர் பிடிக்க வைத்துவிடும். மற்ற மாதங்களில் முதல் இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்வாடி வாசகர் வீட்டு உப்பு நீரையே இதற்கு ஊற்றலாம், செழித்து வரும். துண்டுகளை மீனவர் நடந்துபோகும் பாதையோரத்திலிருந்து கொஞ்சமாக எடுங்கள். அலை அரிக்கும் மணல் மேட்டில் இருப்பதைத் தொடாதீர்கள்.